மூன்றாவது மடிப்பு

எனக்கு வாய் அடங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதனால்தான் அத்தனை கேடும் வந்தது. என் நாக்கில் உப்புத்தாள் ஒட்டியிருக்கிறது என்று தம்பி சொல்வான். இருக்கட்டுமே. சுவரில் மேடு பள்ளம் இருந்தால் தேய்த்துத்தான் ஆகவேண்டும், ஆளிடம் இருந்தாலும் அப்படித்தான். மாமியாரிடம் அவர் ரசம் வாயில் வைக்க வழியில்லை என்று கல்யாணமான மூன்றாம் நாளே சொன்னவள் நான். அப்படிப்பட்டவளுக்கு என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

நாங்கள் இருவரும் கூரையின் உட்பக்கத்துக்குப் பட்டி பார்க்கிறவர்கள். பலகைகள் அடித்த கூரையில் ஆணித் தடமும் இடுக்கும் தெரியாமல் வெள்ளைப் பட்டியை இழுத்து, காயவைத்து, தேய்த்து, ஒரே தாளாகத் தெரியும்படி செய்வது எங்கள் வேலை. இருபத்திரண்டு வருடமாக நான் குழைப்பேன், தேய்ப்பேன், தட்டையான இடங்களைப் பூசுவேன். பரப்பும் பரப்பும் சேரும் மடிப்பு மட்டும் அவர் கை. அவருக்கு ஊரில் நூல் மேஸ்திரி என்றுதான் பெயர். அவர் போட்ட கோட்டின் மேல் நூலை வைத்துப் பார்த்தால் நூல்தான் கோணலாகத் தெரியும் என்று பேச்சு.

இது நடந்த அறை, எங்களை வேலைக்குக் கூப்பிட்ட தையல்காரம்மா வீட்டின் கூரைக்கு அடியில் இருந்தது. நாலு பக்கச் சுவரிலிருந்தும் நாலு சரிவுகள் கிளம்பி உச்சியில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். சட்டம் போட்டுப் பலகை அடித்தது என் தம்பி, அவன் தச்சன். சரிவும் சரிவும் சேரும் நாலு இடங்கள், அவைதான் மடிப்புகள், எங்களுக்கு. உச்சிக்கு நேர் கீழே பெரிய மேசை போட்டு, துணி வெட்டப்போவதாகத் தையல்காரம்மா சொல்லியிருந்தார்.

சாதாரண மூலை என்றால் கொஞ்சம் தப்பு போனாலும் நிழல் மறைத்துவிடும். இது அப்படியில்லை. கோணம் அகலமாகத் திறந்து கிடக்கும், வெளிச்சம் நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் வளைந்தால் எனக்குத் தெரியும், இரண்டு நூல் வளைந்தால் வாசலில் நிற்கும் யாருக்கும் தெரியும். அதனால் முதலில் நீலப்பொடி தடவிய நூலை உச்சியிலிருந்து கீழ்மூலை வரை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவோம். கோடு விழும். அதில் காகித நாடாவை மடித்து ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பட்டி இழுப்போம். மறுபக்கம் மறுநாள்தான். இரண்டையும் ஒரே நாளில் இழுத்தால் இந்தப் பக்கம் போகும் பிளேடு அந்தப் பக்கத்து ஈரத்தைக் கிழித்துவிடும்.

ஆகவே எங்கள் பிழைப்பில் பாதி, காத்திருப்பது. ஈரப் பட்டி சாம்பல் நிறமாக இருக்கும், ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வரும். சாரத்துப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியாக வந்த வெயிலில் நாங்கள் தேய்த்த தூள் விழவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் மிதக்கும். கீழே தையல் இயந்திரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். எனக்கு அந்த அறையில் கண்ணைத் திறந்துகொண்டே கனவு வந்தது. மடிப்பு ஒரு வரப்பாகி, நான் வெறுங்காலோடு அதில் ஏறிப் போகிறேன், இரண்டு பக்கமும் வெள்ளைச் சரிவு, உச்சியில் போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் கீழே சின்னதாகப் படுத்திருக்கிறார். "ஏங்க, மேல வாங்க" என்று சொன்னேன் போலிருக்கிறது. "எங்க வரணும்?" என்று பக்கத்திலிருந்து கேட்டார். "ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்றேன்.

கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு. கீழே இறங்கி, மூலையில் கன்னத்தை ஒட்டி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணால் அடியிலிருந்து உச்சிவரை ஒரே பார்வை. அவ்வளவுதான். இரண்டாம் தடவை பார்த்து நான் கண்டதில்லை.

முதல் இரண்டு மடிப்பும் அப்படித்தான் முடிந்தன. தையல்காரம்மா படியேறி வந்து, கழுத்தில் அளவு நாடாவோடு அண்ணாந்து பார்த்தார். நாள் முழுக்கத் துணியை மடித்து இஸ்திரி போடுகிற கண் அது, லேசில் ஏமாறாது. "இதுல உடம்பு பட்டா வெட்டிடும் போலிருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதைவிடப் பெரிய பாராட்டை நாங்கள் கேட்டதில்லை.

மூன்றாவது மடிப்பின் இரண்டாம் பக்கம் இழுத்த அன்று அவர் இறங்கி வந்து பார்த்தார். மறுபடி ஏறினார். ஒரு இழுப்பு. இறங்கினார், பார்த்தார், ஏறினார். இப்படி ஐந்து தடவை. கடைசியில் புருவத்தில் பட்டியோடு என் பக்கம் திரும்பி, "எப்படி?" என்றார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். நனைந்த போர்வையைப் போட்ட கொடிக்கயிறு மாதிரி நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மூன்று நூல் இருக்கும், வலது பக்கமாக. குருடனுக்குக்கூடத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை "எப்படி" என்று கேட்டதே இல்லை. அன்று காலையில் வேறு, வீட்டுக் கதவைப் பார்த்து, "நிலை ஏன் இடுப்பு ஒடிஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டிருந்தார். நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். இப்போது அது ஞாபகம் வந்தது. எனக்குள் என்னவோ சில்லென்று இறங்கியது.

"அருமைங்க" என்றேன்.

மாலையில் அவரைக் குளிக்க அனுப்பிவிட்டு, கூட்டிப் பெருக்கிவிட்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். அவர் தலை மறைந்ததும் ஏறினேன், நூலைக் கட்டினேன். அவர் இழுத்ததைச் சுரண்டி, வழித்து, நூலுக்கு நேராக நான் இழுத்தேன். மடிப்பு போடுவது எனக்கு அதுதான் முதல் தடவை. வருடக்கணக்காகப் பார்த்தது வீண் போகவில்லை, நேராகத்தான் வந்தது. ஏதோ களைப்பு, நாளைக்குச் சரியாகிவிடுவார், யாருக்கும் தெரியவேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். மூடி மறைக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் நினைப்பார்கள் போலிருக்கிறது.

மறுநாள் காலை அவர் மூலையில் கன்னத்தை வைத்தார். இடது கண்ணை மூடினார். முகம் வெளிறிப்போனது.

"நேத்து நேராத்தானே விட்டுட்டுப் போனேன்" என்றார்.

"ஆமாங்க."

"வளைஞ்சிருக்கே."

பிளேடை எடுத்து ஏறினார். நேரானதை மறுபடி வளைத்தார். மாலையில் நான் மறுபடி நிமிர்த்தினேன். அடுத்த நாளும் அதே கதை, அதற்கு அடுத்த நாளும் அதே கதை. பகலில் அவர், மாலையில் நான், நடுவில் அந்த மடிப்பு. காத்திருக்கும் நேரத்தில் முன்போலப் படுத்தோம், ஆனால் அவர் பட்டி வெளுப்பதைப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்தார், அது எந்த நேரமும் அசையும் என்பது போல. வெயிலில் தூள் மிதந்தது. எனக்குக் கனவு எதுவும் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை என் தம்பிக்கு ஆள் அனுப்பினார்.

"மச்சான், நீ போட்டது பச்சை மரம்தானே? சட்டம் முறுக்குது."

தம்பிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க மாமா. ஒரு வருஷம் நிழல்ல கிடந்து காஞ்ச மரம். என் வேலையைக் குறை சொல்லணும்னா வேற ஏதாவது சொல்லுங்க, ஒத்துக்கறேன்."

நூலை எடுத்து உச்சியில் மாட்டி, மூலைவரை அவனே இழுத்துப் பிடித்தான். முந்தின நாள் மாலை நான் போட்ட கோடு அது. நூல் அதில் போய்ப் பொருந்தி உட்கார்ந்தது. "பாருங்க. இம்மிகூட விலகல."

அவர் கன்னத்தை வைத்துப் பார்த்தார். "நூல் தொய்யுது. நல்லா இழு."

"இதுக்கு மேல இழுத்தா அறுந்திடும்."

"அப்ப நூல்லதான் கோளாறு."

தம்பி நூலை விட்டுவிட்டு அவரையே பார்த்தான். "மாமா, நீங்க யாரையும் நம்பமாட்டீங்க, நூலை மட்டும்தான் நம்புவீங்க. இப்ப நூலும் பொய் சொல்லுதுன்னா அப்புறம் நான் யாரைக் கூட்டிட்டு வர்றது?" பிறகு என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ என்ன கல்லு மாதிரி நிக்கிற? ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் சொல்லுவ, இப்ப சொல்லேன்."

"எனக்கென்னடா தெரியும். நான் தேய்க்கிறவ."

அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டான். "புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து என் தலையை உருட்டுறீங்க" என்று முணுமுணுத்தபடி படியிறங்கிப் போனான். அவன் செருப்புச் சத்தம் அடங்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடப்பிறந்தவன் வேலையைக் கெட்ட வேலை என்று சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவர் ஏறி, நேராக இருந்த மடிப்பை மறுபடி வளைத்தார். பொறுமையாக, அழகாக, ஒரே சீராக வளைத்தார். அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. இறங்கி வந்து கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார்.

"இந்தா, ஒண்ணு சொல்றேன். சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்க."

"இந்தக் கூரை நகருது."

நான் சிரிக்கவில்லை.

"சாயந்தரம் நேரா விட்டுட்டுப் போறேன். காலையில வந்தா வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. இது மட்டுமில்ல. வீட்டுக் கதவு, ஜன்னல் கம்பி, தெருவுல கம்பம், எல்லாம் தண்ணிக்கு அடியில இருக்கிற மாதிரி நெளியுது. நேத்து நீ அந்த வாசல்ல நின்ன, உன் பாதி முகம் கரைஞ்சு ஒருபக்கமா போச்சு. பயந்துட்டேன்." கையில் ஒட்டியிருந்த காய்ந்த பட்டியை உரித்துக்கொண்டே பேசினார். "கூரை நகரலைன்னா, எனக்கு மூளை கழண்டுடுச்சுன்னு அர்த்தம். ரெண்டுல ஒண்ணு. தையல்காரம்மாகிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடு. நான் இனிமே மடிப்பு போடல."

அவருக்கு வலிக்கக்கூடாது என்று நான் மறைத்தேன். மறைத்து மறைத்து, அவரைத் தன் மூளையையே சந்தேகப்படும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். முதல் நாளே கோணல் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருந்தால், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருப்பார், அவ்வளவுதானே. பாவி, நான் பாவி.

"கூரை நகரலீங்க" என்றேன். "நான்தான்."

"நீதான் என்ன?"

"தினம் சாயந்தரம் நீங்க போனப்புறம் நான்தான் ஏறி இழுத்தேன். நீங்க வளைச்சு வச்சதை நேராக்கினேன்."

அவர் பட்டி உரிப்பதை நிறுத்தினார். "என் மடிப்புல கை வச்சியா?"

"வச்சேன்."

"உன் தம்பி இப்ப நூல் பிடிச்சது…"

"நான் போட்ட கோடு."

"அதைத்தான் கோணல்னு சொன்னேனா?"

"ஆமாங்க."

கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. எழுந்தார். நூலைத் தானே எடுத்து, உச்சியில் ஒரு ஆணி, மூலையில் ஒரு ஆணி அடித்து, தான் வளைத்த மடிப்பை ஒட்டி இழுத்துக் கட்டினார். விரலால் ஒரு சுண்டு சுண்டினார். இறுக்கமான நூல் விம்மியது, அந்தக் காலி அறை முழுக்கக் கேட்டது. கன்னத்தை வைத்தார். இடது கண்ணை மூடினார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். மறுபடி சுண்டினார். மறுபடி பார்த்தார்.

"இறுக்கமாத்தான் இருக்கு" என்றார், எனக்குச் சொல்வதுபோல் இல்லை. "இறுக்கமா இருக்கு, ஆனா வளைஞ்சிருக்கு."

இறுக்கிக் கட்டிய நூல் வளையாது. அது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். சாரத்தைப் பிடித்திருந்த அவர் கைவிரல்கள் வெளுத்திருந்தன.

நான் போய்ப் பின்னால் நின்றேன். தூள் படிந்த என் உள்ளங்கையை அவர் வலது கண்ணின்மேல் வைத்து மூடினேன்.

"இப்ப இடது கண்ணைத் திறங்க."

வழக்கமில்லாத கண், திறக்கவே தயங்கியது. திறந்தார். என் கைக்கு அடியில் மூடிக்கிடந்த இமை துடிப்பது எனக்குத் தெரிந்தது.

"நூல் நேரா இருக்கு" என்றார்.

பிறகு நூலுக்குப் பக்கத்தில் தன் மடிப்பைப் பார்த்தார்.

"இதையா போட்டேன் நான்?"

"ஆமாங்க."

"அஞ்சு நாளா இதையா?"

"ஆமாங்க."

என் கையை விலக்கினார். பார்த்தார். என் கையை எடுத்துத் தானே மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டார். விலக்கினார், வைத்தார். விலக்கினால் அறை நெளிந்தது, வைத்தால் நேரானது. எத்தனை தடவை அப்படிச் செய்தார் என்று தெரியாது. கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப கூரை நகரல" என்றார் கடைசியில். "கண்ணுதான்."

"கண்ணுதாங்க. மூளை எப்பவும் போலத்தான் இருக்கு, புதுசா ஒண்ணும் கெடல."

சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, என் உள்ளங்கை ஈரமானது. காய்ந்த பட்டி கரைந்து அவர் கன்னத்தில் வெள்ளையாக இறங்கியது. நான் துடைக்கவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன்.

அன்றைக்கே கண் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். இவர் வலது கண்ணால் பார்த்துவிட்டு, "இதைப் போட்ட ஆளுக்கு முதல்ல நூல் பிடிக்கக் கத்துக்கொடுங்க" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணின் பின்பக்கம் நீர் கோத்திருப்பதாகவும், அதனால் நேர்க்கோடெல்லாம் நெளிவதாகவும், கண்ணுக்குள் ஊசி போடவேண்டும் என்றும் சொன்னார். "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா நடுப்பார்வையே இருட்டியிருக்கும்." அவராகக் கூரையைப் பற்றி வாய் திறந்திருக்காவிட்டால், நான் இன்னும் எத்தனை மாலை பிளேடோடு ஏறியிருப்பேனோ.

தம்பி வீட்டுக்கு நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "மாமாவைப் பாத்துக்க" என்றான். தையல்காரம்மாவிடமும் ஒளிக்காமல் சொன்னேன். ஊசியில் நூல் கோக்கிறவருக்குக் கண்ணைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. காத்திருக்கிறேன், மேசை எங்கேயும் ஓடிவிடாது என்றார்.

மூன்று ஊசி போட்டு, நாலாவது மடிப்புக்கு வந்தோம். மூன்றாவதை அதற்குள் நான் பட்டப்பகலில், அவர் எதிரிலேயே, கடைசியாக நேராக்கியிருந்தேன். அவர் கண்ணில் தெரிந்த வளைவு முழுக்கப் போகவில்லை. காலையில் எழுந்ததும் கதவு நிலையை ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு என்று எனக்குச் சொல்லுவார். "இடது கண்ணால பாத்தாப் போதுமே, கைதானே முக்கியம்" என்று தைரியமாகத்தான் ஏறினார். ஆனால் கைக்கு வழக்கமான கண் அந்த வலது கண்தான், அது விடுமா. இழுத்து முடித்து இறங்கினார். பழக்கத்தில் இடது கண்ணை மூடினார்.

"அந்தக் கண்ணு இல்லீங்க."

அவர் மாற்றி மூடவில்லை. என் பக்கம் திரும்பினார். படிக்கட்டில் தையல்காரம்மா அண்ணாந்து நின்றிருந்தார்.

"எப்படி?" என்றார்.

அதே கேள்வி. இந்தத் தடவை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேட்பது மடிப்பைப் பற்றி மட்டும் இல்லை என்று. வெளி ஆள் வேறு நிற்கிறார்.

"நடுவுல ரெண்டு நூல் வலது பக்கம் போயிருக்குங்க" என்றேன்.

அவர் கையிலிருந்த பிளேடைப் பார்த்தார். விளிம்பில் ஒட்டியிருந்த பட்டியைக் கட்டைவிரலால் வழித்துச் சுத்தம் செய்தார். கைப்பிடி என் பக்கம் வரும்படி திருப்பி நீட்டினார்.

"ஏறு."

ஏறினேன். அவர் கீழே மூலையில் கன்னத்தை வைத்து, வலது கண்ணை மூடி, "இன்னும் கொஞ்சம் உன் பக்கம்… ம்… அழுத்தாத… இப்ப ஒரே இழுப்பா இழு" என்று சொல்லச் சொல்ல, உச்சியிலிருந்து மூலைவரை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு வந்தேன். சரிவுகள் இரண்டும் என் இரண்டு பக்கமும் வெள்ளையாக விலகிப் போயின. இறங்கினேன்.

"எப்படி?" என்று நான் கேட்டேன்.

அவர் இடது கண்ணால் அடியிலிருந்து உச்சிவரை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

"நீ எனக்குத் தெரியாமப் போட்டதைவிட நல்லா வந்திருக்கு" என்றார்.